ஷாங்காய் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்

திருப்பூர்,
நவம்பர் 3

அன்புள்ள செல்வம்,

இங்கு எல்லாரும் நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? பேத்திக்குக் காது குத்தியதைக் கட்டையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயம். ஆவணியில் போன் போட்டு, “அஞ்சு நாள்தான் லீவு, ஒரே ஊர்தான் முடியும், பெய்ஜிங்கா ஷாங்காயா சொல்லு” என்று கேட்டாய். நான் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஷாங்காய் என்றேன். அதை வாபஸ் வாங்குகிறேன். இதைப் போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். டிக்கெட் போட்டுவிட்டாய் என்றால் இதற்குமேல் படிக்காதே, வயிறு எரியும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டபோது நான் பெய்ஜிங்கைப் பார்த்ததே இல்லை. ஆறு தடவை சீனா போனவன், ஆறு தடவையும் ஷாங்காயில் இறங்கி, மெஷின் கண்காட்சியில் நடந்து நடந்து கால் வீங்கி, ராத்திரி ஆற்றங்கரையில் நின்று விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். அதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். சீனா போய் வந்தவன் என்றால் நீங்களும் நம்பிவிடுகிறீர்கள்.

ஷாங்காயைக் குறை சொல்லவில்லை. ஹுவாங்பு ஆற்றுக்கு இந்தக் கரையில் வெள்ளைக்காரன் கட்டிய பேங்குகளும் ஓட்டல்களும் வரிசையாக நிற்கும், கல்கத்தா பார்த்தவனுக்கு அது புதிதில்லை. எதிர்க்கரையில் 632 மீட்டர் கோபுரம் ஒன்று, மேகம் இறங்கினால் பாதிதான் தெரியும். பக்கத்தில் குச்சியில் போண்டா குத்தியது மாதிரி டி.வி. கோபுரம். ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிற சாதாரணப் படகில் 2 யுவான் கொடுத்து ஏறினால் இரண்டு கரையையும் பார்த்துவிடலாம். சுற்றுலாப் படகுக்காரனிடம் போய் ஏமாறாதே. தங்கச்சிக்குச் சாப்பாடும் அங்கே சுலபம். கீரையும் காளானும் வைத்து அவித்த பாவ் என்கிற மாவு உருண்டை தெருவுக்குத் தெரு சுடச்சுடக் கிடைக்கும். “வோ ச்சி சு” என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. சுகமான ஊர்தான். அந்தச் சுகத்தில்தான் நானும் இத்தனை வருஷம் வேறெங்கும் போகாமல் இருந்திருக்கிறேன்.

இந்தத் தடவை கண்காட்சி முடிந்ததும் மூன்று நாள் கையில் இருந்தது. பெய்ஜிங்குக்கு ரயில் ஏறினேன். 1,318 கிலோமீட்டரை நாலரை மணி நேரத்தில் போய்விட்டான். மடக்குப் பலகையில் வைத்த தண்ணீர் பாட்டில் ஆடவே இல்லை. நமக்குச் சென்னை போகவே ஏழு மணி நேரம் ஆகிறது. போகட்டும், அந்தப் புலம்பல் இங்கு வேண்டாம்.

அங்கே போய் முதல் காரியமாக ஒரு முட்டாள்தனம் செய்தேன். தடைசெய்யப்பட்ட நகரம் என்கிறார்களே, அந்தப் பழைய அரண்மனைக்குத் திங்கட்கிழமை காலையில் போய் நின்றேன். திங்கட்கிழமை லீவாம்! சரி, நாளைக்கு வரலாம் என்றால், ஏழு நாள் முன்னாலேயே ஆன்லைனில் விற்பனை தொடங்கிவிடுமாம், பாஸ்போர்ட் நம்பர் போட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டுமாம், செவ்வாய்க்கிழமைக்கான டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஆக, பெய்ஜிங் போயும் அரண்மனைக்குள் கால் வைக்காமல் வந்த ஆள் நான். கட்டையனிடம் சொல்லிவிடாதே.

ஆனால் அரண்மனைக்குப் பின்னால் ஜிங்ஷான் என்று ஒரு குன்று இருக்கிறது. அகழி தோண்டிய மண்ணைக் கொட்டியே உண்டாக்கியது. ஏறுவதற்குப் பத்து நிமிஷம் போதும். மேலே நின்றால் கீழே மஞ்சள் ஓட்டுக் கூரைகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே போய்க்கொண்டே இருக்கின்றன. 1406-இல் தொடங்கி 1420-இல் கட்டி முடித்தது, 24 ராஜாக்கள் இருந்த இடம். மிங் வம்சத்தின் கடைசி ராஜா 1644-இல் தூக்குப் போட்டுக்கொண்டது இந்தக் குன்றில்தான். அந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நம் வயசுக்காரர்கள் கூட்டமாக நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நல்ல சுதியில்தான் பாடினார்கள்.

மறுநாள் முதியன்யூ பக்கம் பெருஞ்சுவர். தங்கச்சியின் முழங்கால் பற்றித்தான் யோசித்துக்கொண்டே போனேன். கேபிள் கார் இருக்கிறது, பதினாலாவது காவல் கோபுரத்தில் இறக்கிவிடும். அங்கேயே உட்கார்ந்து பார்க்கச் சொல். நடக்க ஆசைப்பட்டால் படிகள் ஒரே அளவில்லை, ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிரை வாங்குகிறது.

புதன்கிழமை காலை வானக் கோயில். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கிழக்கு வாசலில் நுழைந்து நீண்ட தாழ்வாரம் வழியாகப் போனேன். இரண்டு பக்கமும் பெரிசுகள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் கையை ஓங்கிச் சீட்டைப் பலகையில் அடித்த அடியில் அப்படியே உங்க சித்தப்பாவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், எதிரே வெள்ளைப் பளிங்கு மேடைமேல் மூன்றடுக்கு நீலக் கூரை.

உனக்குத் தெரிந்திருக்குமே. நீலக் குடை! பெய்ஜிங்கை அப்போது பீகிங் என்போமே, அந்தப் பீகிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்கு நாம் கடிதம் எழுத, அவர்கள் நமக்கு அனுப்பிய காலண்டரில் நவம்பர் மாசத்துப் படம். நம் முழுப் பரீட்சைக்கு முன்னால் அந்தக் காலண்டர் வந்ததும், சி.ஐ.டி. வீட்டுக்கு வந்துவிடும் என்று உங்க அப்பா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததும், நாம் அரிசியோடு சேர்த்துக் கிளறி எடுத்ததும். நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் படத்தை நான் மறந்தே போயிருந்தேன், செல்வம். எதிரில் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் நடக்க முடியவில்லை, பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டேன். ராஜா வருஷா வருஷம் வந்து நல்ல விளைச்சலுக்காக வேண்டிக்கொண்ட மண்டபமாம். உள்ளே 28 மரத்தூண்கள், நடுவில் உள்ள நாலும் நாலு பருவத்துக்கு. இடி விழுந்து 1889-இல் எரிந்து, மறுபடி கட்டியிருக்கிறார்கள். இதெல்லாம் நமக்கு அப்போது தெரியாது. குடை என்றாய், குடைதான்.

முந்தின நாட்களிலேயே, திங்கட்கிழமை அரண்மனை கைவிட்டதும், ஒன்றாம் நம்பர் மெட்ரோவில் மேற்கே போய் வானொலிக் கட்டடத்தையும் பார்த்து வந்திருந்தேன். நாம் எழுதிய காலத்தில் வேறு கட்டடம். தமிழ் ஒலிபரப்பு 1963-இல் தொடங்கியது, நம்மைவிட மூத்தது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், எதிர்ப்பக்கம் நின்று ஒரு போட்டோ எடுத்தேன். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, நம் தமிழ் ஐயாவைவிடச் சுத்தமாக வணக்கம் சொல்வார்களே, அந்தக் குரல்தான் காதில் கேட்டது. உங்க வீட்டு மர்ஃபி ரேடியோவின் கொரகொரப்போடு.

இதை ஒரு காரணம் என்று தங்கச்சியிடம் சொன்னால் அடிக்க வருவாள். அவளுக்கு விளக்கும் கடைவீதியும்தான் ஆசை என்றாய். அது உன் பாடு. “இரண்டு ஊரையும் பார்த்துவிடுங்கள்” என்று டிராவல்ஸ்காரன் சொல்வான், கேட்காதே. அஞ்சு நாளில் இரண்டு ஊர் என்றால் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதுதான் மிச்சம்.

பெய்ஜிங்கில் சிரமங்களும் இருக்கின்றன, மறைக்கவில்லை. எங்கே போனாலும் பையைச் சோதிக்கிறான், பாஸ்போர்ட் கேட்கிறான். நடை அதிகம். மார்ச், ஏப்ரலில் மண்புயல் அடிக்கும். அக்டோபர் முதல் வாரம் நாடே லீவு, அந்தப் பக்கம் தலைவைக்காதே. பச்சைப்பயற்றைப் புளிக்க வைத்து தோவ்ஜி என்று ஒன்று விற்பார்கள். பயறுதானே என்று வாங்கினேன், மாட்டுக்கு வைக்கிற கழுநீர் வாசம். உனக்குப் பிடிக்கும். அலிபே என்கிற பணம் கட்டும் ஆப்பில் உன் கார்டை இங்கிருந்தே ஏற்றிக்கொண்டு போ. வாட்ஸ்அப் ஓடாது, சிங்கப்பூரில் இருக்கும் உன் மச்சானிடம் ரோமிங் சிம் வாங்கிக்கொள்.

விசா வேலைக்குக் கட்டையனை நம்பாதே. என் கையிலிருக்கும் பாரம், போட்டோ அளவு எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் காலண்டர் கடைசியில் உன்னிடம்தானே இருந்தது? பழைய வீட்டை இடிக்கும்போது பரணில் இருந்த பெட்டிகளை என்ன செய்தாய்? நவம்பர் பக்கம் மட்டும் கிடைத்தால் போதும், எடுத்து வை. அடுத்த ஞாயிறு வருகிறேன்.

அன்புடன்,
ராமு