அன்னபேதியை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் மழையில் நிற்கும் மரத்துக்கு வீட்டிலேயே மாவுப் பெயின்ட் காய்ச்சுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் நாற்பது வருஷமாக உளி பிடிக்கிறவன் நான். கோதுமை மாவு, காவி, ஆளிவிதை எண்ணெய் எல்லாம் சரி. அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட் எங்கே?

அது இல்லாமல் நானும் ஒருமுறை காய்ச்சினேன். புரட்டாசிக் கடைசியில் பனஞ்சட்ட வேலிக்கு அடித்தேன். காய்வதற்குள் பக்கத்து வீட்டு ஆடு இரண்டு, கஞ்சி என்று கீழ்ச்சட்டம் முழுக்க நக்கிவிட்டன. மிச்சத்தில் ஐப்பசி மழைக்குக் கருப்பாகப் பூசணம் படர்ந்தது. நாட்டு மருந்துக் கடையில் வெளிர்பச்சையாக, கல்லுப்பு மாதிரி விற்கிற அன்னபேதிதான் பூசணம் வராமல் காவல்.

இப்போது நான் காய்ச்சும் கணக்கு: 4 லிட்டர் தண்ணீருக்கு மாவு 300 கிராம், அன்னபேதி 125 கிராம், காவிப்பொடி 1 கிலோ, எண்ணெய் அரை லிட்டர். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கொதிநீரில் ஊற்றி, கால்மணி நேரம் துழாவ வேண்டும். அப்புறம் அன்னபேதியும் காவியும், இன்னொரு கால்மணி. கடைசியில் எண்ணெய். பாத்திரம் திரும்ப அடுக்களைக்குள் போகக் கூடாது. சுவீடனில் மரவீடுகளுக்கு இதே பக்குவம்தானாம். ஃபாலுன் செப்புச் சுரங்கத்துச் சிவப்பு மண் அவர்களுக்கு, காவி நமக்கு.

எங்கள் உப்புக்காற்றில் எனாமல் பாளம்பாளமாக உரிகிறது. வெடிப்பில் இறங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மரத்தை மக்கவைக்கும். மாவுப் பெயின்ட் உரியாது, பொடிப்பொடியாக உதிரும். துடைப்பத்தால் தட்டிவிட்டு மேலே பூசலாம். ஆனால் இழைத்த வழுவழுப்பிலும் பழைய எனாமலுக்கு மேலேயும் ஒட்டாது. அறுத்த சொரசொரப்பு வேண்டும். வெள்ளை வேட்டியோடு சாய்ந்தால் காவி வேட்டிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போட வேண்டும்.

அன்னபேதியைச் சேர்த்து ஒரு திருத்தம் போட்டால் நல்லது. தை பிறந்ததும் இங்கே வேலி வேலை தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்,
தங்கச்சிமடம்