அமெரிக்க 93 வேறு, நமது 92 வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் அருமை. ஆனால் அமெரிக்க மசில் கார்களுக்குச் செய்வதுபோல ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எஞ்சினுக்கும் பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்டு, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைச் சீவி, கொம்பிரஷனை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற விகிதம்) 10க்கு மேலே கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்ததை அப்படியே விட மனம் வரவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தக் கார்களுக்கு ஏறிய விலை எல்லோருக்கும் தெரியும், இப்போது ஒரு எஞ்சினைக் கெடுத்தால் இன்னொன்றை எங்கே போய்த் தேடுவது?

முதலில் பெற்றோல். அழுத்தத்தில் தானாக வெடித்துத் தட்டாமல் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஒக்டேன். யூடியூபில் அமெரிக்கக்காரர் ஒருவர் 93 ஒக்டேனில் 10:1 எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பார். நம் பொடியள் அதைக் கேட்டுவிட்டு, இங்கே பெற்றோல் ஷெட்டில் 92 இருக்கிறது, ஒன்றுதானே குறைவு என்று நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை. நமது 92 ரிசேர்ச் முறையில் அளந்த எண். அமெரிக்கப் பம்பில் ஒட்டியிருப்பது ரிசேர்ச், மோட்டோர் என்ற இரண்டு முறைகளின் சராசரி. அவர்களுடைய 93 நம் அளவில் 97, 98 வரும். நமது 92 அங்கே போனால் ஏறக்குறைய 87, அதாவது அவர்களிடம் பெரும்பாலான இடங்களில் ஆகக் குறைந்த ரகம்! 95 அடித்தாலும் அவர்களின் 93ஐ எட்டாது. அதோடு அந்த வீடியோக்களில் பலருடைய ஹெட் அலுமினியம், சூட்டை விரைவாகக் கடத்திவிடும். கேம்பிரிட்ஜின் பி சீரிஸ் ஹெட் வார்ப்பிரும்பு.

அமெரிக்காவிலேயே 1970இல் செவர்லே 454 எல்எஸ்6 எஞ்சின் 11.25:1 கொம்பிரஷனோடு வந்தது, அது ஒக்டேனை உயர்த்த ஈயம் கலந்த உயர்ரகப் பெற்றோலுக்கென்று செய்தது. அடுத்த வருட மொடல்களிலேயே ஜெனரல் மோட்டோர்ஸ், ஈயம் குறைந்த பெற்றோலுக்கு ஏற்றபடி தன் எஞ்சின்களின் கொம்பிரஷனை இறக்கிவிட்டது. நமக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. 90களில் போரினால் எரிபொருள் தடை இருந்தபோது கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் படுமோசம். ஏ40 போன்றவற்றின் கொம்பிரஷன் 7.2 அளவில் இருந்தபடியால்தான் தட்டித் தட்டியாவது ஓடின. 10:1 எஞ்சின் என்றால் சுன்னாகம் தாண்டியிருக்காது.

இனி கேம். கேமையும் கொம்பிரஷனையும் தனித்தனியாகத் தெரிவு செய்யக் கூடாது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தேயிருக்கும், அது மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்குகிறது. பிஸ்டன் அடிப்புள்ளியைக் கடந்தபின் கிராங்க் தண்டு 45 பாகை திரும்பும்போது மூடும் சாதாரணக் கேமை எடுத்துவிட்டு 70 பாகையில் மூடும் ரேஸ் கேமைப் போட்டால், 8.3:1 என்று எழுதிய கேம்பிரிட்ஜின் 1489 சிசி எஞ்சினில் உண்மையில் கிடைக்கும் கொம்பிரஷன் சுமார் 7.5இலிருந்து 6.3க்கு விழுந்துவிடும். அப்படியான கேம் உயர்ந்த வேகத்தில்தான் உயிர் பெறும். நல்லூர்த் திருவிழா நெரிசலிலும், மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் ஊரும்போதும் அது இருமும், பிளக் கறுக்கும், பிறகு நின்றுவிடும். மறுபுறம், சின்னக் கேமை வைத்துக்கொண்டு ஹெட்டை மட்டும் சீவினால் வெயிலில் தட்டல் தொடங்கிப் பிஸ்டன் போகும். இரண்டில் முதலாவதைச் சத்தத்துக்காகவே கேட்கிறவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

இந்தச் சீவுகிற விஷயத்தில்தான் ஆகக் கூடுதலாகக் கண்மூடித்தனம் நடக்கிறது. 1489 சிசியில் ஒரு சிலிண்டர் 372 சிசி. 7.2:1 என்றால் மேலே எரியும் இடம் 60 சிசி, 8.3:1 என்றால் 51. வித்தியாசம் இரண்டு தேக்கரண்டி கூட இல்லை. ஹெட்டைத் தொடாமல் சிலிண்டரை 40 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) அகலப்படுத்திப் போர் அடித்தாலே 7.2 என்பது 7.4 ஆகிவிடும், வேறு எஞ்சினின் பிஸ்டன் போட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே அளக்க வேண்டும். பிளக்கைப் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட கண்ணாடித் தகட்டைக் கிறீஸ் பூசி ஒட்டி, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டுப் பார்க்கலாம், பெரிய செலவில்லை. ஹெட்டுக்குக் கீழே வரும் காஸ்கட்டின் தடிப்பையும் பிஸ்டன் தலையின் குழியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

என்னைக் கேட்டால் 92க்கு 8.3 போதும், கேம் கம்பனிக் கேமே இருக்கட்டும். மிச்சக் காசில் எக்சோஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீற் வளையம் (வால்வு வந்து அமரும் இடம்) போடுங்கள். ஈயப் பெற்றோல் 2002இலேயே நின்றுவிட்டது, பழைய வார்ப்பிரும்புச் சீற் ஈயமில்லாமல் நீண்ட ஓட்டத்தில் தேய்ந்து உள்ளே இறங்கும். புதுக் கேம் போட்டே தீர வேண்டுமென்றால் கேமில் உரசும் தப்பெற்றையும் புதிதாகப் போட்டு, முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேலே ஓடவிடுங்கள்.

லேத் கடைக்காரர்களுக்கும் ஒன்று: ஹெட்டில் எத்தனை தௌ எடுத்தீர்கள் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவருக்கு அது வேண்டும்.

ஒரு வாசகர்,
கோண்டாவில்.