மைன்ஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்துப் போனால் திரும்பி வருவது எப்படி?" என்று கேட்டீர்கள். பேச்சு பாதியில் நின்றுபோனதால் விவரமாக எழுதுகிறேன்.

ரயிலில்தான் வருகிறேன், சைக்கிளும் கூடவே வருகிறது. ஜெர்மனியில் தனியாகப் பார்சல் போட வேண்டியதில்லை, நாம் ஏறும் பெட்டியிலேயே அதையும் ஏற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதி இருப்பதால் பயணத்தையே வேறு மாதிரி திட்டமிட முடிகிறது. போன வழியே திரும்ப மிதிக்க வேண்டுமே என்ற கணக்கு மனதில் இருக்காது.

நான் இருக்கும் மைன்ஸிலிருந்து ரைன் ஆற்றோரமாகக் கோப்லென்ஸ் நகரம் ஏறக்குறைய 95 கிலோமீட்டர். வழியில் பிங்கன் என்ற ஊரைத் தாண்டியதும் இரு கரையிலும் மலைகள் நெருங்கிவிடும். சைக்கிள் பாதை, சாலை, தண்டவாளம் மூன்றும் ஆற்றை ஒட்டியே போகும். அந்தப் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கரையோரம் கிலோமீட்டர் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் கொன்ஸ்தான்ஸ் ஊரின் பாலத்தில் 0 என்று தொடங்கும் கணக்கு, மோசல் ஆறு வந்து கலக்கும் கோப்லென்ஸ் முனையில் 592ஐ எட்டுகிறது. ஆறு போகும் திசையிலேயே போவதால் பெரிய ஏற்றம் கிடையாது. எதிர்காற்றுதான் படுத்தும்.

இனி ரயில். சைக்கிள் ஏற்றும் பெட்டியின் வெளிப்புறத்தில் பெரிதாகச் சைக்கிள் படம் இருக்கும். வண்டி வருவதற்கு முன்பே கேரியரின் பக்கப் பைகளைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்வேன். கதவருகே அது பெரிய உதவி. உள்ளே சுவரோரமாக மடக்கு இருக்கைகள். அவற்றைத் தூக்கிவிட்டுச் சைக்கிள்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்போம். எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து நடப்பதுதான். முன்பின் தெரியாதவர்கள்கூட, "நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். தூரம் போகிறவருடையது சுவரோரம், அடுத்த ஸ்டேஷனில் இறங்குகிறவருடையது வெளியே. ஒருவருடைய பெடல் இன்னொருவருடைய சக்கரக் கம்பியில் மாட்டாமல் திருப்பிவிட்டு, பட்டை போட்டு இறுக்குவார்கள். ஒருமுறை வழியில் போப்பார்ட் என்ற ஊரில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஏறினார். தள்ளுவண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும்தான் அங்கே முதல் உரிமை. யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து சைக்கிள்களை நகர்த்தி இடம் விட்டார்கள்.

மைன்ஸ் இருக்கும் இந்த மாநிலத்தில் உள்ளூர் ரயில்களில் சனி, ஞாயிறு முழுக்கச் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல் இலவசம். ஆனால் இடம் உறுதி கிடையாது, முந்தி வந்தவருக்கே. வெயில் அடிக்கும் ஞாயிறு மாலையில் பெட்டி நிரம்பிவிட்டால் அடுத்த வண்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும். அதனால் மதியமே கிளம்பிவிடுவது நல்லது. தொலைதூர வேக ரயில் என்றால் சைக்கிளுக்கும் முன்பதிவு கட்டாயம்.

கோப்லென்ஸில் ஏறினால் இடப்பக்க ஜன்னலைப் பிடிக்க வேண்டும், ஆறு அந்தப் பக்கம்தான். மிதித்துக் கடந்த ஊர்களெல்லாம் தலைகீழ் வரிசையில் வரும்: சாங்க்ட் கோவார், சுரங்கங்கள், ஓபர்வேசல், பிறகு கௌப் அருகே ஆற்றின் நடுவில் நிற்கும் வெள்ளைக் கோட்டை. நாள் முழுக்க மிதித்த தூரம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கால் வலியோடு உட்கார்ந்து அதைப் பார்க்கும் சுகத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

அடுத்து திரியர் என்ற ஊரிலிருந்து மோசல் ஆற்றோரம் போக ஆசை. நீங்கள் கோடையில் வந்தால் உங்களுக்கும் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்துவிடலாம். பிங்கன் வரை மட்டும் மிதிப்போம், அது கிட்டத்தட்ட சமதரை. பாஸ்போர்ட் புதுப்பிக்கும் வேலையை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள் அப்பா. அம்மாவிடம் நீங்களே பேசிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்