மெடிக்கல் கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்

வணக்கம்.

அம்மாவுக்குப் புற்றுநோய்க்கு இரண்டாவது கீமோ போட்டுப் பத்தாம் நாள், சாயங்காலம் லேசாகக் காய்ச்சல். தெருமுனைக் கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணன் பாராசிட்டமாலோடு, அட்டையிலிருந்து கத்தரித்த செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் நான்கையும் கவரில் போட்டுக் கொடுத்தார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. கீமோ விஷயத்தை நானும் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கியது, தூங்கிவிட்டோம். விடிகாலையில் அம்மாவுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் விழுந்திருந்தது. ஒன்பது நாள் ஐசியூவில் கிடந்துதான் பிழைத்தார்.

டாக்டர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. பெரும்பாலும் கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும். அதில் நியூட்ரோஃபில் என்ற வகை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனால் ஆபத்து. சீழ் பிடிக்கவே வெள்ளையணு வேண்டும். அது இல்லாத உடம்பில் பல நேரம் சீழும் இருக்காது, வீக்கமும் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். பாராசிட்டமால் அதையும் மறைத்துவிடுகிறது. காய்ச்சல் ஒரு தடவை 101 தொட்டாலோ, 100.4-க்கு மேல் ஒரு மணி நேரம் நின்றாலோ உடனே ஆஸ்பத்திரி. அங்கே கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனை) ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும்.

அம்மாவின் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. முன்பே மாத்திரை போட்டிருந்தால் இப்படி ஆகலாம் என்றார்கள். எந்தக் கிருமி என்று கடைசிவரை தெரியவில்லை. பக்கத்துப் படுக்கைப் பையனுக்கு என்ன கிருமி என்று தெரிந்தது: கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கே அடங்கவில்லை. கொலிஸ்டின் போட்டார்கள். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடிய மருந்து அது. சீட்டில்லாமல் ஊரெல்லாம் நான்கு நான்காகப் போகும் மாத்திரைகளும் சேர்ந்துதான் இந்தக் கிருமிகளை மருந்துக்குப் பழக்கிவிடுகின்றன. அந்தப் பையன் உங்கள் கடைப் பக்கமே வந்திருக்க மாட்டான்.

செஃபிக்சிம் எச்1 அட்டவணை மருந்து. சீட்டு வேண்டும்; டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறி மூன்று வருஷம் இருக்க வேண்டும். 2014 மார்ச்சிலிருந்தே இதுதான் சட்டம். உங்களுக்குத் தெரியாததில்லை. கூட்ட நேரத்தில் சிரமம்தான், சரி. ஆனாலும் செய்யுங்கள்.

அதோடு, காய்ச்சல் என்று யார் வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “காய்ச்சல் வந்தவருக்குக் கீமோ ஓடுதா?” ஆமாம் என்றால் மாத்திரை கொடுக்காதீர்கள். ராத்திரியானாலும் கீமோ போட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அது தூரம் என்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்கு. வண்டி இல்லையென்றால் 108-க்கு நீங்களே போன் போட்டுக் கொடுங்கள். கடைசியாகக் கீமோ போட்ட தேதியை அங்கே முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்