உள்சுவரைக் கூரைவரை எழுப்புங்கள்: திருகோணமலை மேசன்மாருக்கும் வீட்டுப் பிளான் கீறுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேசன் அண்ணன்மாருக்கும் ஓடாவிமாருக்கும் கொந்தராத்துக்காரருக்கும், பிளான் கீறும் தம்பி தங்கைமாருக்கும் வணக்கம்.

நான் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் நீங்கள் கட்டிய வீடுகளுக்குள்தான் என் வேலை நடந்தது. பிள்ளை பெற்ற தாயுடன் நான் பேசவேண்டியவை அந்தரங்கமானவை. தையல் புண் ஆறியதா, அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு காலம் பொறுக்க விருப்பம், வீட்டில் அடி உதை உண்டா என்றெல்லாம் கேட்கவேண்டும். அறைக் கதவைச் சாத்தினாலும் பக்கத்து அறையில் இருக்கும் மாமியாருக்கு ஒரு சொல் தவறாமல் கேட்கும். அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். தலையை மட்டும் ஆட்டுவாள். கிளினிக்குக்கு வந்த பிறகுதான் வாய் திறப்பாள். வரமுடியாதவள் சொல்லாமலே விட்டுவிடுவாள்.

கட்டிலோடு கிடக்கும் முதியவர்களின் நிலை இன்னும் பாவம். அவருக்குத் தெரியக்கூடாது என்று பிள்ளைகள் அடுத்த அறையில் நின்று நோயைப் பற்றியும் செலவைப் பற்றியும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அவரோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடப்பார். இரவு கடலுக்குப் போய் வந்து பகலில் படுப்பவர்கள், துறைமுகத்திலும் ஆஸ்பத்திரியிலும் இரவு வேலை செய்பவர்கள், சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள் என்று எங்கள் ஊரில் பகல் நித்திரையும் அமைதியும் தேவைப்படாத வீடு குறைவு. படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபெல்லுக்கு (டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999 இல் வழிகாட்டியது. ஒரு மீற்றர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசும் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபெல் வரும்.

வீட்டுக்காரர் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் உங்களில் பலர் சொல்லும் பதில், "நாலு இஞ்சிச் சீமெந்துக் கல்லுக்குப் பதிலாக ஆறு இஞ்சிக் கல் வையுங்கோ" என்பதுதான். அந்த இடத்தில்தான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். சுவரின் பாரம் இரண்டு மடங்கானால் அது தடுக்கும் சத்தம் ஐந்து ஆறு டெசிபெல்தான் கூடும். நாலு இஞ்சி ஆறு இஞ்சியானால் மூன்று டெசிபெல் அளவுக்கு மிஞ்சாது. காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கப் பத்து டெசிபெல் குறையவேண்டும். இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பூசிய நாலு இஞ்சிச் சுவரே 40 டெசிபெல்லைத் தாண்டித் தடுக்கக்கூடியது. அப்படி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் முணுமுணுப்புத்தான் வரும், சொல் பிரியாது. அப்படியென்றால் எங்கள் வீடுகளில் ஏன் எல்லாம் கேட்கிறது?

சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள். உள்சுவர் ஒன்பது பத்தடியில் நின்றுவிட்டிருக்கும். அதற்கு மேல் முகடுவரை வெறும் வெளி. மெல்லிய சீலிங்கைத் தாண்டி ஏறும் சத்தம் சுவருக்கு மேலால் கடந்து அடுத்த அறையில் இறங்குகிறது. சீலிங் போடாத வீடென்றால் கேட்கவே தேவையில்லை. சில வீடுகளில் சுவர் மேலே வரை போயிருக்கும், ஆனால் "சீலிங் மறைக்கும்தானே" என்று அந்தப் பகுதியைப் பூசாமல் விட்டிருப்பார்கள். சீமெந்து குறைத்து அரிந்த கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. பூச்சுத்தான் அவற்றை அடைக்கிறது.

சத்தம் தண்ணீரைப் போன்றது, ஓட்டை உள்ள இடத்தால்தான் போகும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மிச்சச் சுவர் கோட்டைச் சுவராக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. ஏழடிக் கதவுக்குக் கீழே ஓர் இஞ்சி விட்டால் அதுவே கதவுப் பரப்பில் நூற்றில் ஒன்றுக்குக் கூட. இதை அறிந்தபின் ஆறு இஞ்சிக் கல்லுக்குக் காசைக் கொட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

எனவே என் வேண்டுகோள் இது: படுக்கையறைச் சுவர்களையாவது கூரையின் அடிவரை எழுப்புங்கள், இரண்டு பக்கமும் மேலே வரை பூசுங்கள், அதன் பிறகு சீலிங்கைப் போடுங்கள். பத்தடி நீளச் சுவரைச் சராசரி நாலடி உயர்த்த ஏறக்குறைய 45 கல் போதும். சாரம் நிற்கும்போது அது சிறிய வேலை. வீடு குடிபூந்த பிறகு அதே வேலைக்குச் சீலிங்கைக் கழற்றவேண்டும். உயர்த்தும் சுவருக்குக் கீழே அத்திவாரம் இருக்கவேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேல்மாடித் தட்டில் கல்லின் பாரத்தை ஏற்றுவதானால் பொறியியலாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். சுவருக்கும் கூரைத் தகட்டின் வளைவுக்கும் இடையில் வரும் சந்துகளைச் சாந்தால் இறுக்கினால், வெயிலில் தகடு விரியும்போது வெடிக்கும். பாறைக் கம்பளி (rock wool) போன்ற மெத்தென்ற பொருளை அடைப்பது நல்லது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் சீட்டை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் நோயைப் பல வருடம் கழித்துக் காட்டும். முதலில் போவது உங்கள் நெஞ்சுக்குள்தான்.

"எல்லாவற்றையும் அடைத்தால் கச்சான் காற்றுக் காலத்தில் வெந்து போவோமே" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வைகாசி தொடங்கி அந்தக் காற்று வீசும்போது இங்கே அறைக்குள் இருப்பது என்னவென்று எனக்கும் தெரியும். அதற்காகத்தான் அறைக் கதவுகளுக்கு மேலே சீமெந்துக் கிராதி வைக்கிறீர்கள். ஆனால் அந்தக் கிராதியால் காற்று வருகிறதோ இல்லையோ பேச்சு முழுதாக வருகிறது. காற்றை அடுத்த அறையிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து எடுங்கள். முடிந்தவரை ஒவ்வொரு படுக்கையறையும் வீட்டின் மூலைக்கு வந்து, இரண்டு வெளிச்சுவரிலும் யன்னல் பெறட்டும். சூடு போகும் துவாரம் இறவாணப் பக்கம் வெளியே திறக்கட்டும்.

பிளான் கீறுபவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். கோடு போடுமுன் "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யார் படுப்பார்கள்?" என்று கேளுங்கள். தொலைக்காட்சி நிற்கும் சுவரில் தாத்தாவின் கட்டில் முட்டவேண்டாம். இரண்டு அறைக்கும் இடையில் அலுமாரி வரிசையையோ சாமான் அறையையோ வையுங்கள். குளியலறைக் குழாயைப் படுக்கையறைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். தண்ணி மோட்டரை அறைச் சுவரோடு பொருத்தாமல் தள்ளி, தடித்த ரப்பருக்கு மேல் வையுங்கள். இடிக்கும் சத்தமும் அதிர்வும் காற்றால் வருவதில்லை, கல்லுக்குள்ளால் வரும். அவற்றைச் சுவர் உயரம் தடுக்காது. வயரிங் செய்யும் தம்பிமாரும் சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் நேருக்கு நேர் பிளக் பெட்டி வெட்டுவதை விட்டு, இரண்டடி தள்ளி வெட்டட்டும்.

ஓடாவிமாரே, உள்ளே வெறுமையான மெல்லிய கதவு அறைக் கதவாகாது. தடித்த பலகைக் கதவு, நிலையைச் சுற்றி ரப்பர் பட்டி, கீழே தரையைத் தொடும் பட்டி, இவை போதும்.

2004 சுனாமிக்குப் பிறகு அவசரமாக எழும்பிய சிறிய வீடுகளைப் பலர் பிறகு பலகை வைத்து அறைகளாகப் பிரித்தார்கள். இன்று உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வாடகைக்கு விட அறை பிரிப்பவர்களும் அதையே செய்கிறார்கள். ஒற்றைப் பலகையால் பயனில்லை. கல் வைக்க வழியில்லாத இடத்தில் இரண்டு வரிசைச் சட்டம் ஒன்றையொன்று தொடாமல் நிறுத்தி, இடையில் பாறைக் கம்பளி நிரப்பி, இரு பக்கமும் இரண்டிரண்டு ஜிப்சம் போட் அடித்து, விளிம்பெல்லாம் அடைத்தால் பூசிய கல்சுவருக்கு நிகராகத் தடுக்கும். கறையான் உள்ள இடத்தில் நாகமுலாம் பூசிய இரும்புச் சட்டம் பாவியுங்கள். முட்டை மட்டையையும் பஞ்சு மெத்தையையும் சுவரில் ஒட்டச் சொல்லி யாரிடமும் காசு வாங்கவேண்டாம். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அடுத்த அறைக்குப் போகும் பேச்சை மறிக்காது.

அடுத்த வீட்டில் சீலிங் போடுமுன் ஓர் இரவு, ஓர் அறையில் பெரிய ரோச் ஒன்றைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தையெல்லாம் அடையுங்கள். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த 45 கல்லுக்கு அவர் மறுப்புச் சொல்லமாட்டார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை.