சம்பந்தி வருவதற்கு முன்

அன்புள்ள செந்திலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி அப்படியேதான் இருக்கிறது. மாடி வீட்டு விஷயத்தில் சித்தப்பா இன்னும் வாய் திறக்கவில்லை. மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. வேலை இருக்கும். அதைக் கேட்பதற்காக இந்தக் கடிதம் இல்லை.

கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தி பாஸ்டன் வருகிறாராமே, எமிலி அம்மாவிடம் சொன்னாள். போன வருஷம் நடந்ததையும் அவள்தான் சொன்னாள், நீ சொல்லவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கர், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த தாட்சர் அம்மையாரை ஆகா ஓகோ என்று புகழ்ந்தாராம். சம்பந்தி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாராம். நீ நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாயாம். அது சிரிக்கிற இடமா? சரித்திர வாத்தியார் மகன்!

சம்பந்தியின் ஊர் இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கம் இருந்த பூமி. 1984 மார்ச்சில் 20 சுரங்கங்களை மூடப்போவதாக, அதாவது 20,000 பேருக்கு வேலை போகும் என்று, தாட்சர் அரசின் நிலக்கரி வாரியம் அறிவித்தது. அந்தப் பக்கத்துக் கார்ட்டன்வுட் சுரங்கத்தில்தான் வேலைநிறுத்தத்தின் முதல் பொறி விழுந்தது. ஜூன் 18 அன்று ஆர்கிரீவில் தொழிலாளர்கள் மேல் குதிரைப் போலீஸ் பாய்ந்தது. ஒரு வருஷம் கூலி இல்லாமல் நின்றுவிட்டு, 1985 மார்ச்சில் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2013 ஏப்ரல் 17, தாட்சரின் இறுதி ஊர்வலம் லண்டனில் ராணுவ மரியாதையோடு போன அதே நாளில், பார்ன்ஸ்லிக்குப் பக்கத்துக் கோல்ட்தார்ப்பில் அவருடைய கொடும்பாவியைச் சவப்பெட்டியில் வைத்துக் கொளுத்தினார்கள். சூனியக்காரி செத்துப்போனதைக் கொண்டாடும் பழைய சினிமாப் பாட்டு ஒன்றை அவர் இறந்த வாரம் வாங்கி வாங்கி, விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். செத்தவரை ஏசலாமா என்று நீ கேட்பாய். ஏசலாம் என்று நான் சொல்லவில்லை. கோபம் அவ்வளவு ஆழம் என்று சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் மேலும் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த தாட்சர், ரீகன் பக்கத்தில் நின்று சோவியத்தை எதிர்த்தவர். 2004இல் ரீகனின் இறுதிச் சடங்குக்கு, பக்கவாதத்தால் பேசமுடியாமல் போகலாம் என்று முன்கூட்டியே இரங்கலுரையைப் பதிவு செய்து வைத்திருந்தவர். ஆளுக்கு இவ்வளவு என்று தாட்சர் போட்ட தலைவரி என்ற ஒன்று இருந்ததோ, அதற்காக 1990 மார்ச்சில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கம் கலவரமானதோ அவருக்கு எதற்கு? பில் கட்டினவனுக்குத்தான் ஓட்டல் விலை தெரியும். இன்னொன்றும் அவருக்குப் பிடிபடாது. மூன்று தேர்தல் ஜெயித்த தாட்சரை அந்த நவம்பரில் வீட்டுக்கு அனுப்பியது சொந்தக் கட்சி. அமெரிக்காவில் ஜனாதிபதியை நடுவில் இறக்க, கீழவை குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கவேண்டும். இன்றுவரை ஒருவர்கூட அப்படி இறங்கியதில்லை. நிக்சன்கூடத் தானாகத்தான் போனார்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது, கவனமாகப் படி. அமெரிக்க ஜனாதிபதி நாட்டுக்கும் தலைவர், அரசாங்கத்துக்கும் தலைவர். கொடியும் ஆட்சியும் ஒரே ஆள் தோளில். பதவி போன பிறகும் ‘மிஸ்டர் பிரெசிடென்ட்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரிட்டனில் அந்தச் சுமையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். மரியாதை மன்னருக்கு, திட்டு பிரதமருக்கு. நாடாளுமன்றம் கூடும் காலத்தில் ஒவ்வொரு புதன்கிழமையும் மதியம் 12 மணிக்கு அரை மணி நேரம் பிரதமரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார்கள், கேலி செய்கிறார்கள். தேர்தலில் தெளிவாகத் தோற்றால் மறுநாளே டவுனிங் தெரு வீட்டைக் காலி செய்யவேண்டும். 2022இல் பிரதமர் லிஸ் டிரஸ் பதவியில் தாக்குப்பிடிப்பாரா, ஒரு லெட்யூஸ் கீரை வாடாமல் இருக்குமா என்று ஒரு பத்திரிகை கேமராவை வைத்துக் காட்டியது. கீரை ஜெயித்தது. ஆகவே சம்பந்தி தன் பிரதமரை நாய் பேய் என்று திட்டினால் அது தேசபக்திக் குறைவு என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைக்கக்கூடாது. அதே வாயால் சம்பந்தி அமெரிக்க ஜனாதிபதியைத் திட்டினால், அவருக்கு ஓட்டே போடாத அமெரிக்கருக்கும் சுருக்கென்று தைக்கும். 2018இல் டிரம்ப் வந்தபோது லண்டனில் அவரை அரைத்துணி கட்டிய குழந்தையாக ஊதிப் பறக்கவிட்டார்கள். நம் வீட்டுச் சண்டையில் எதிர்வீட்டுக்காரன் கல் எறிகிற மாதிரி.

முன்னாள் பிரதமர் பிளேர் பேச்சு வந்தாலும் இதே கதைதான். 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்கள் நிறைய ஜனம், அவர் புஷ்ஷோடு சேர்ந்து இறங்கப்போன ஈராக் போர் வேண்டாம் என்று நடந்தது. 2009 ஜனவரியில் புஷ், வீட்டுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன், பிளேருக்குச் சுதந்திரப் பதக்கம் போட்டார். 2022இல் அவருக்குப் பிரிட்டனின் ‘கார்ட்டர்’ என்ற நைட் பட்டம் வந்தபோது, பறிக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்காவில் கழுத்தில் மாலை, பிரிட்டனில் மனு.

சர்ச்சில் பத்திரமான பேச்சு என்று நினைக்காதே. அவர் தாயார் புரூக்ளினில் பிறந்தவர், 1963இல் அமெரிக்கா சர்ச்சிலுக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. வாஷிங்டனில் உள்ள சிலையில் ஒரு கால் பிரிட்டிஷ் தூதரக நிலத்தில், மறு கால் அமெரிக்க மண்ணில். ஆனால் போரை ஜெயித்துக் கொடுத்தவரையே 1945 ஜூலையில் தோற்கடித்து, அட்லியின் தொழிற்கட்சிக்கு 393 இடம் கொடுத்த ஜனம் அது. மருத்துவமும் வீடும் வேலையும் யார் தருவார் என்று பார்த்துப் போட்ட ஓட்டு. நமக்கு சர்ச்சில் காலத்து 1943 வங்கப் பஞ்சம் நெஞ்சில் இருக்கும். அன்றைக்கு மேஜையில் மூன்றாவது சண்டையாக அதை இறக்காதே. பேத்திக்குத் தனியாகச் சொல்லிக்கொடு.

நிறத்தையும் நினைவில் வை. அமெரிக்காவில் சிவப்பு ரிபப்ளிகன், நீலம் டெமாக்ரட். பிரிட்டனில் சிவப்பு தொழிற்கட்சி, நீலம் கன்சர்வேட்டிவ். எமிலி போன தடவை மேஜைக்கு நீல விரிப்புப் போட்டது வேறு. ‘ரிபப்ளிகன்’ என்று சம்பந்தியிடம் சொன்னால் மன்னராட்சி வேண்டாம் என்பவர் என்று அவர் எடுத்துக்கொள்வார். சமையலைப் பற்றி ‘க்வைட் குட்’ என்று அவர் சொன்னால் சுமார் என்று அர்த்தம், அமெரிக்கர் சொன்னால் பாராட்டு. அறிவுரை சொல்லும்போது இன்னும் ஜாக்கிரதை. 2016 ஏப்ரலில் ஒபாமா லண்டனில் நின்று, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டால் வர்த்தக ஒப்பந்தத்துக்கு ‘க்யூ’வில் கடைசியில்தான் நிற்பீர்கள் என்றார். அமெரிக்கர் ‘லைன்’ என்றல்லவா சொல்வார், யார் எழுதிக்கொடுத்தது என்று எதிரணி பிடித்துக்கொண்டது. ஜூனில் 52க்கு 48 என்று வெளியேறவே ஓட்டு விழுந்தது.

எனவே: இருவரையும் எதிரெதிரே உட்காரவைக்காதே. தாட்சர் பேச்சு வந்தால் ‘உங்கள் ஊரில் அப்போது எத்தனை சுரங்கம் இருந்தது’ என்று சம்பந்தியையே கேள். பேசட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்கட்டும். நீ நடுவில் சிரிக்காதே.

எமிலி இன்னொன்றும் சொன்னாளாம். வீட்டில் ஒருவர் இனி அமெரிக்காவில் ஓட்டுப் போடலாம் என்று. யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. எமிலிக்கென்றால் சந்தோஷம். அங்கே குடியுரிமை உறுதிமொழியில் அந்நிய மன்னர், அரசு எதன்மேலும் உள்ள விசுவாசத்தை முற்றாகத் துறக்கிறேன் என்று வாயால் சொல்லவேண்டும். அவள் சொன்னாலும் பிரிட்டன் அவள் பாஸ்போர்ட்டைப் பறிக்காது. போரிஸ் ஜான்சன் நியூயார்க்கில் பிறந்து, அமெரிக்கக் குடியுரிமையையும் 2016 வரை வைத்துக்கொண்டே லண்டன் மேயராக இருந்தார். நம் சட்டம் அப்படியில்லை. வேற்று நாட்டுக் குடியுரிமையை நாமாக வாங்கிய நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கவேண்டும், அப்புறம் ஓசிஐ அட்டை. அதில் வரலாம், போகலாம், இருக்கலாம். ஓட்டு கிடையாது. வயல் விலைக்கு வாங்கமுடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். நம் மேலத்தெரு வயலும் அதில் அடங்கும். பொதுவாகச் சொல்கிறேன்.

சாமிநாதன் சார் மகன் அப்படி வாங்கினபோது, ‘பிள்ளையை வித்துட்டீரா’ என்று வாசலில் வைத்து அவரைக் கேட்டவன் நான். நீ அப்போது பிளஸ் டூ. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். அவர் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு நம் வீட்டுக்கு வரவும் இல்லை. போன மாதம் இறந்துபோனார், துட்டிக்குப் போனேன். அந்தப் பையன் வந்திருந்தான். அவன்தான் கொள்ளி வைத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு ‘செந்தில் எப்படி இருக்கான் சார்’ என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரியில் உன் பாஸ்போர்ட் நகல் கேட்டிருந்தேன், மாடி வீட்டுப் பத்திரத்துக்கு. அதற்கு அவசரமில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்றாலும் அதற்குத் தக்கபடி எழுதிக்கொள்ளலாம் என்று பத்திர எழுத்தர் சொல்கிறார். அம்மா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். சம்பந்திக்குக் காரம் ஆகாது, அவருக்குத் தனியாக மிளகாய் குறைத்து ஒரு பொட்டலம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வரை விழித்திருப்பேன்.

அப்பா