பழைய பேடைத் தூக்கிப் போடாதீர்கள், மெக்கானிக் அண்ணன்களே

பைக் பட்டறைகளில் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

என் மேசை மேல் இரண்டு பிரேக் பேடுகள் கிடக்கின்றன. முன் சக்கரத்திலிருந்து கழற்றியவை, ஒரே நாளில் மாட்டிய ஜோடி. ஒன்றில் இன்னும் 3 மில்லிமீட்டர் லைனிங், அதாவது டிஸ்கைப் பிடிக்கும் தேயும் பகுதி, நிற்கிறது, நடுவில் உள்ள தேய்மானக் கோடுகூட அழியவில்லை. இன்னொன்றில் லைனிங் என்று சொல்ல எதுவுமே இல்லை. வெறும் இரும்புத் தகடு, அதுவும் டிஸ்கில் உரசி உரசிக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்புதான் சர்வீஸுக்கு விட்டேன். “பேட் நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஓடும்” என்றார்கள். பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து குனிந்து பார்த்தால் கண்ணில் படுவது வெளிப்பக்கப் பேட் மட்டும்தான், அது நல்லாத்தான் இருந்தது. உள்ளே, பேடைத் தள்ளும் பிஸ்டன் பக்கம் ஒளிந்திருந்த பேடை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிரீச்சென்று சத்தம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

போன தடவையும் இதே கதைதான். ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிப் புது ஜோடி மாட்டிக் கொடுத்தார்கள். ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த மடலே அந்தக் கேள்விக்காகத்தான்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன், என்னை மாதிரி வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள். காலிப்பர் என்பது இரண்டு பேடையும் பிடித்து வைத்திருக்கும் கூடு. ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பரில், பிஸ்டன் தன் பக்கத்துப் பேடைத்தான் டிஸ்கில் அழுத்தும், அப்புறம் காலிப்பர் முழுசாக இரண்டு இரும்புப் பின்களின் (pin) மேல் சறுக்கி வந்து எதிர்ப்பக்கப் பேடை இழுத்துப் பிடிக்கும். அதாவது காலிப்பர் நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சமமாக வேலை செய்யும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்து, தண்ணீர் இறங்கி, கிரீஸ் காய்ந்து, துரு ஏறிவிட்டால் காலிப்பர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஜோடி மாட்டில் ஒன்று படுத்துக்கொண்டால் மற்றதுதானே இழுத்தாக வேண்டும்? பெரும்பாலும் பிஸ்டன் பக்கத்துப் பேடுதான் அப்படி இழுத்துச் சாகிறது. இரண்டு பின்னில் ஒன்று மட்டும் சிக்கினால் காலிப்பர் கோணிக்கொள்ளும், பேட் ஆப்பு மாதிரி சரிவாகத் தேயும். லேசான சரிவெல்லாம் நோய் இல்லை, டிஸ்க் சுழலும் திசையால் கொஞ்சம் வரத்தான் செய்யும். இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள வண்டி என்றால் சறுக்கும் பின் என்ற பேச்சே இல்லை, ஏதாவது ஒரு பிஸ்டன் அடம்பிடிக்கிறது என்று அர்த்தம்.

பிஸ்டன் விஷயம் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். அதைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்பு ரப்பர் சீல், பிரேக் பிடிக்கும்போது லேசாக வளைந்து, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனையும் பின்னால் கூட்டிக்கொண்டு போகும், அதுவும் மயிரிழை தூரம்தான். அந்த மயிரிழைக்கு நடுவே துருவும் பேட் தூசியும் கெட்டியாகப் படிந்தால் பிஸ்டன் திரும்பாது, பேட் நாள் முழுக்க டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் எனக்கு உங்கள் மேல் கோபம். புதுப் பேட் தடிமனாக இருக்கிறது, இடம் வேண்டும் என்று, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அழுக்குப் பிஸ்டனை அப்படியே ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உள்ளே தள்ளுகிறீர்கள். அந்த அழுக்கு எங்கே போகும்? நேராக சீலுக்குத்தான். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை, துடைத்துவிட்டுத் தள்ளுங்கள். தள்ளும்போது மேலே ஹேண்டில்பாரில் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழிந்து பெட்ரோல் டேங்கில் பட்டால் பெயிண்ட் போச்சு, அது தனிச் சண்டை.

கிரீஸும் அப்படித்தான். பேரிங்குக்குப் போடும் டப்பாவிலிருந்தே ஒரு விரல் எடுத்துப் பின்னில் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் ஊதிக்கொள்ளும், நகர வேண்டிய பின்னைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கு என்று வரும் சிலிகான் கிரீஸ் வேண்டும், அதுவும் பின்னில் மட்டும்.

பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாட் 4 (DOT 4) என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பே 155தான். அந்த ஈரம் பிஸ்டனை உள்ளேயிருந்தும் அரிக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது சும்மா இல்லை. நாலை விட அஞ்சு பெரிசு என்று டாட் 5 ஊற்றிவிடாதீர்கள், அது சிலிகான் ஆயில், மற்றதோடு கலக்காது.

எங்கள் பக்கத் தப்பும் உண்டு. “ஒரு மணி நேரத்துல வண்டி வேணும்” என்று தலைமேல் நின்றால் பின்னைக் கழற்றிப் பார்க்க யாருக்கு மனசு வரும்? அதனால் அந்தச் சறுக்கும் பின்னைச் சுத்தம் பண்ணியதற்குத் தனிக் கூலி எழுதுங்கள், பேரம் பேசாமல் கொடுக்கிறேன். நான் கேட்பது, கழற்றிய இரண்டு பேடையும் என் கையில் வைத்து, பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதுதான். ஜோடி சமமாக இல்லையென்றால் காரணம் தெரியாமல் புதுசு மாட்டாதீர்கள். மாட்டிய பிறகு நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்க, பிரேக்கை ஒரு தடவை பிடித்து, கையை எடுத்த பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை, அரைச் சுற்றிலேயே நின்றால் வேலை முடியவில்லை.

என் டிஸ்கில் இப்போது விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கிறது, அளந்து பார்த்தேன், அதற்கும் கீழே போய்விட்டது. புது டிஸ்க் வாங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன், இந்த இரண்டு பேடும் சட்டைப் பையில் இருக்கும்.